தேய்ந்த இடது செருப்பு

எனக்கு வருஷத்துக்கு மூன்று ஜோடி செருப்பு வேண்டும். மூன்றிலும் தேய்வது இடது செருப்பு மட்டும்தான். வலது செருப்பு நேற்றுக் கடையிலிருந்து வந்தது போல இருக்கும். இடது செருப்பில் பெருவிரலுக்குக் கீழே அரம் போட்டு வழித்த மாதிரி ஒரு பள்ளம் விழுந்திருக்கும். என் வீட்டுக்காரர் மில்லில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்தச் சாமான் எந்த இடத்தில் தேய்கிறது என்று பார்த்துப் பார்த்தே வேலைக்காலம் முழுவதையும் கழித்தவர். "ஒரு பக்கம் மட்டும் தேயுதுன்னா எங்கயோ லோடு தப்பா விழுதுன்னு அர்த்தம்" என்று பலமுறை சொல்லிப் பார்த்தார். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சரக்கு மட்டம் என்று செருப்புக் கடைக்காரரிடம் போய்ச் சண்டை போட்டுவிட்டு வந்தேன்.

இராஜபாளையத்தில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் பெண்களுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது என் வேலை. அதற்கு முன்னால் பத்து வருஷம் பள்ளிக்கூட வேன் ஓட்டினேன். டிரைவிங் ஸ்கூல் முதலாளி என்னைவிடச் சின்னவர். ஒரு நாள் வீட்டுக்கு வந்து, "பொம்பளையாளுக எல்லாம் பொம்பளை மாஸ்டர்தான் வேணும்ங்காவ. நீங்க வந்துருங்கக்கா" என்றார். வெள்ளிக்கிழமை வரை நான் டிரைவர். திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு நான் ஆசிரியை. இடையில் நடந்த ஒரே மாற்றம், வலது சீட்டில் உட்கார்ந்தவள் இடது சீட்டுக்கு மாறியதுதான். ஓட்டத் தெரிந்தவளுக்குச் சொல்லிக்கொடுக்கவும் தெரியும் என்று அவரும் நினைத்தார், நானும் நினைத்தேன். சொல்லிக்கொடுப்பது எப்படி என்று எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்கிற ஆளா நான்?

கார் ஓட்டத் தெரியாதவர்களுக்காக இதைச் சொல்லிவிடுகிறேன். வண்டியை முதல் கியரில் நகர்த்தும்போது, இடது காலால் மிதித்திருக்கும் கிளட்சைக் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். சட்டென்று விட்டால் வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நின்றுவிடும். கற்றுக்கொள்கிறவர்களின் பாதி உயிர் போவது அந்த இடத்தில்தான். எங்கள் ஸ்கூல் காரில் இடது சீட்டுக்கு முன்னாலும் ஒரு கிளட்சும் ஒரு பிரேக்கும் உண்டு. ஆபத்து என்றால் மாஸ்டர் மிதிப்பதற்காக, ஓட்டுகிறவரின் பெடலோடு இணைத்து வைத்தது.

என்னிடம் படிப்பவர்களுடைய வண்டி நிற்காது. அதுதான் என் பெருமை. மற்ற டிரைவிங் ஸ்கூல் கார்கள் பஸ் ஸ்டாண்டு முன்னால் குலுங்கி நிற்கும். பின்னால் டவுன் பஸ்காரர் ஹாரனில் கையை வைத்தால் எடுக்க மாட்டார். என் கார் மட்டும் வெண்ணெயில் போகிற கத்தி மாதிரி அந்தக் கூட்டத்துக்குள் போகும். போகிறபோது கண்ணாடியை இறக்கி, நின்றுபோன காரில் இருக்கிற மாஸ்டரை ஒரு பார்வை பார்ப்பேன். வேறொன்றும் சொல்ல மாட்டேன். பார்வையிலேயே எல்லாம் இருக்கும்.

டெஸ்ட் ஸ்ரீவில்லிபுத்தூரில். இன்ஸ்பெக்டர் முன்சீட்டில் என் இடத்தில் உட்காருவார். நான் இறங்கி வேப்பமரத்தடியில் நிற்க வேண்டும். எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. பாஸானவர்கள் ஊர் திரும்புவதற்கு முன்னால் மாஸ்டருக்குக் கால் கிலோ பால்கோவா வாங்கித் தர வேண்டும். என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை இருக்கிறது. ஆனாலும் டெஸ்ட் நாளன்று சாயங்காலம் வாசல் கேட் பக்கமே நடமாடிக்கொண்டிருப்பார். வெறுங்கையோடு வந்தால், "என்ன, இன்னைக்கும் பயந்துட்டாவளா?" என்பார்.

ஃபெயிலானவர்களைப் பற்றி நான் வைத்திருந்த விளக்கம் அது ஒன்றுதான்: பயம். என்னோடு ஓட்டும்போது அத்தனை அழகாக ஓட்டுகிறவள் இன்ஸ்பெக்டர் ஏறியதும் வண்டியை நிறுத்திவிடுகிறாள் என்றால் வேறென்ன காரணம் இருக்க முடியும்? போய்த் தண்ணீர் குடி, சாமியைக் கும்பிடு, அடுத்த வாரம் வா என்பேன். இந்த விளக்கத்தை வைத்துக்கொண்டே நான் ஏழு வருஷம் ஓட்டிவிட்டேன்.

அந்த ஏழாவது வருஷம் மம்சாபுரத்திலிருந்து ஒருத்தி வந்து சேர்ந்தாள். நாற்பது வயது இருக்கும். புண்ணுக்குக் கட்டும் காஸ் துணி செய்கிற கம்பெனி ஒன்றில், புதிதாகச் சேரும் பெண்களுக்கு மடிக்கக் கற்றுக்கொடுக்கிற வேலை. அவளும் ஒரு வகையில் மாஸ்டர்தான். ஆனால் அதை அவள் சொன்னபோது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. துணி மடிக்கிறதற்கு ஒரு மாஸ்டரா என்று மனசுக்குள் சிரித்துக்கொண்டேன்.

அவளுக்கு லைசென்ஸ் எதற்கு என்று முதல் நாளே கேட்டேன். கம்பெனி, சேத்தூரைச் சுற்றியுள்ள ஊர்களில் சின்னச் சின்ன ஷெட் போட்டு, அங்கேயே பெண்களுக்கு வேலை கொடுக்கப் போகிறதாம். ஷெட் ஷெட்டாகப் போய்க் கற்றுக்கொடுக்க ஒரு ஆள் வேண்டும். கம்பெனி வேன் கொடுக்கும், டிரைவர் கொடுக்காது. அடுத்த மாதக் கடைசிக்குள் லைசென்ஸ் காட்டினால் வேலை இவளுக்கு. இல்லையென்றால் ஏற்கெனவே லைசென்ஸ் வைத்திருக்கும் இன்னொருத்திக்கு.

"சம்பளம் கூடுமா?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் பெரிசா இல்லக்கா. என் டேபிளுக்கு எதுத்தாப்ல ஒரு சுவரு இருக்கு. பதினெட்டு வருசமா அந்தச் சுவரத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன். எந்த எடத்துல காரை பேந்திருக்குன்னு கண்ண மூடிட்டுச் சொல்லுவேன். இந்த வேலை கெடச்சா தெனம் ரோட்டப் பாக்கலாம், மலையப் பாக்கலாம்."

இதைக் கேட்டதிலிருந்து இவளுக்கு லைசென்ஸ் வாங்கிக்கொடுக்காமல் விடுவதில்லை என்று எனக்குள் ஒரு வீம்பு வந்துவிட்டது.

இருபது நாள் ஓட்டினாள். அருமையாக ஓட்டினாள். ஒரு நாள்கூட வண்டி நிற்கவில்லை. முதல் டெஸ்ட்டில், வேப்பமரத்தடியில் நான் நின்று பார்த்துக்கொண்டிருக்க, மைதானத்தின் முதல் வளைவுக்குப் போகும் முன்பே மூன்று தடவை வண்டி நின்றது. பயம் என்றேன். தண்ணீர் குடிக்கச் சொன்னேன். ஒரு வாரம் கழித்து இரண்டாவது டெஸ்ட். இந்தத் தடவை தண்ணீரெல்லாம் குடித்துவிட்டுத்தான் ஏறினாள். நான்கு தடவை நின்றது. இன்ஸ்பெக்டர் இறங்கி வந்து என்னிடம், "ஏம்மா, கிளட்சை விடவே சொல்லிக்குடுக்கலையா?" என்று கேட்டார். கேட்டவர் கோபப்பட்டிருந்தாலாவது தேவலை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிற மாதிரி கேட்டார்.

மூன்றாவது டெஸ்ட்டிலும் ஃபெயிலானால் அப்புறம் இரண்டு மாதம் கழித்துத்தான் மறுபடி டெஸ்ட்டுக்கு எழுதிக்கொடுக்க முடியும். அதற்குள் வேன் அந்த இன்னொருத்தி கைக்குப் போய்விடும். இவளுக்குச் சுவர்தான்.

திரும்பும்போது அவளையே ஓட்டச் சொன்னேன். ஸ்ரீவில்லிபுத்தூர்க் கடைவீதிக் கூட்டத்தில் நின்று, நகர்ந்து, நின்று, நகர்ந்து, ஒரு குலுக்கல்கூட இல்லாமல் வந்தாள். "பாத்தியா? இப்ப மட்டும் எப்படி வருது? அம்புட்டும் பயம்" என்று ஆரம்பித்தேன். ஊரைத் தாண்டியதும் அவள் ஒரு புளியமரத்தடியில் ஓரங்கட்டினாள். மறுபடி வண்டியை எடுத்தாள். மறுபடி நிறுத்தினாள். மறுபடி எடுத்தாள். ஏதோ சோதனை போட்டுப் பார்க்கிற மாதிரி இருந்தது. மூன்றாவது தடவை அவள் ரோட்டைப் பார்க்கவில்லை, குனிந்து என் காலைப் பார்த்தாள்.

"அக்கா, ஒங்க காலு எங்க இருக்கு?"

"எங்க இருக்கு? கீழதான் இருக்கு."

"கீழன்னா?"

குனிந்து பார்த்தேன். என் இடது கால் கிளட்ச் மேல் இருந்தது. சும்மா இருக்கவில்லை. அவள் விடுகிற வேகத்துக்கு மேலே ஏறவிடாமல், பாதி மிதித்து, மெல்ல மெல்ல விட்டுக்கொண்டு, ரொம்பக் கவனமாக வேலை பார்த்துக்கொண்டிருந்தது. எனக்குத் தெரியாது. சத்தியமாகச் சொல்கிறேன், ஏழு வருஷமாக எனக்குத் தெரியாது. பத்து வருஷம் வேனில் கிளட்ச் மிதித்த கால், சீட்டு மாறியதைக் கண்டுகொள்ளாமல் தன் வேலையைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறது. அந்த ஏழு வருஷமும் என்னிடம் படித்தவர்கள் எல்லாரும் ஸ்டியரிங் பிடித்தார்கள், நான்தான் வண்டியை நகர்த்தினேன். பாஸானவர்களில் பாதிப் பேருக்கு வீட்டில் கார் இருந்திருக்கும்; அண்ணனோ வீட்டுக்காரரோ பக்கத்தில் இருந்து பழக்கியிருப்பார்கள். அவர்கள் வாங்கித் தந்த பால்கோவாவை நான் தின்றிருக்கிறேன்.

எனக்கு முகத்தில் அசடு வழிந்தது. அவமானமாக இருந்தது. அவமானம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வெளியே வரும். "என் காலைப் பாக்கதுக்கா ஒனக்குக் கிளாஸ் எடுத்தேன்? ரோட்டப் பாருட்டி" என்று கத்திவிட்டேன். அவள் சிரித்தாள். "ஞாயித்துக்கெழம எங்க வீட்டுக்கு வாங்கக்கா, ஒண்ணு காட்டுதேன்" என்றாள்.

அன்று சாயங்காலம் வீட்டுக்காரர் கேட்டில் நின்று, "பயந்துட்டாவளா?" என்று கேட்டார். இடது செருப்பைக் கழற்றி அவர் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனேன். செத்த நேரம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு ஒன்றும் சொல்லாமல் வாசலில் வைத்தார். "நான் அப்பவே சொன்னேன்லா" என்று அவர் சொல்லியிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். சொல்லாமல் விட்டதுதான் இரவு சாப்பாடு வரைக்கும் உறுத்திக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மம்சாபுரம் போனேன். முன் அறையில் பாய் விரித்து, வெட்டிய காஸ் துணித் துண்டுகளை ஒரு கட்டு வைத்திருந்தாள். ஒரு சாண் அகலம், ஒரு சாண் நீளம். நான்கு ஓரமும் கத்திரி பட்டது. வெட்டிய இடமெல்லாம் நூல் பிசிறு நிற்கும். அந்தப் பிசிறு ஒன்றுகூட வெளியே தெரியாமல் உள்ளே போகிற மாதிரி மடிக்க வேண்டும். வெளியே நின்றால் புண்ணில் ஒட்டிக்கொள்ளும். இவ்வளவுதான் விஷயம். ஒரு தடவை நிதானமாக மடித்துக் காட்டினாள். பிறகு என் முன்னால் ஒரு துண்டை வைத்துவிட்டு எழுந்து நின்று, இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டாள்.

நான் மடித்தேன். மேல் பக்கமும் கீழ்ப் பக்கமும் அழகாக உள்ளே போய்விட்டன. இரண்டு பக்கவாட்டிலும் பிசிறு மீசை மாதிரி நின்றது. அவள் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவது துண்டில் பக்கவாட்டைச் சரி செய்தேன், மேலே மீசை முளைத்தது. மூன்றாவது, நான்காவது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது.

"ஏட்டி, வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்க? எங்க தப்புன்னு சொல்லேன்."

"நீங்க மடிச்சத நீங்களே எனக்குச் சொல்லிக்கிட்டே மடிங்கக்கா. நான் கேக்கேன்."

"இந்தா, இதச் செத்த நிமித்திக் குடு, போதும்" என்று துண்டை நீட்டினேன்.

அவள் கை முன்னால் வரவில்லை. "புதுத் துண்டு எடுத்து எத்தன தடவனாலும் மடிச்சுக் காட்டுதேன். ஒங்க துண்டத் தொட மாட்டேன். எங்க கம்பெனியில அதான் ரூலு. நான் தொட்டுச் சரி பண்ணிட்டா அது பாஸாயிரும். அவளுக்கு மடிக்கத் தெரியும்னு நானும் நம்பிருவேன், அவளும் நம்பிருவா. நாளைக்கு நான் லீவு போட்டா, பிசிறு யாரு புண்ணுலயோ போயி ஒட்டும்."

வேப்பமரத்தடியில் நான் நின்றதும், மைதானத்தில் கார் குலுங்கியதும் கண்முன்னால் வந்து போயின. அவள் எதையும் குத்திக்காட்டிப் பேசவில்லை. காஸ் துணியைப் பற்றித்தான் பேசினாள்.

அடுத்த துண்டை எடுத்து, வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே மடித்தேன். "மேல இருந்து பாதி வரைக்கும் கொண்டாரேன். கீழ இருந்து பாதி வரைக்கும் கொண்டாரேன். பொறவு இந்தப் பக்கத்த…" என்று சொல்லும்போதே, அந்தப் பக்கத்தை நடுவுக்குக் கொண்டுவராமல் ஓரத்தோடு நிறுத்திவிடுகிறேன் என்பது எனக்கே தெரிந்துவிட்டது. நடுவுக்கே கொண்டுவந்து, மொத்தத்தையும் இரண்டாக மடித்தேன். ஏழாவது துண்டு, நான்கு பக்கமும் வழவழவென்று, பிசிறு இல்லாமல் வந்தது. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். ஐம்பத்திரண்டு வயசில், ஒரு சாண் துணியை மடித்துவிட்டு, பார்த்துப் பாராட்ட ஆள் இருக்கிறதா என்று வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தேன். ஒரு கோழி நின்றது.

அந்தத் துண்டை இன்றைக்கும் என் கைப்பையில் வைத்திருக்கிறேன். இந்தச் சந்தோஷத்தை என்னிடம் படித்த ஒருத்திக்குக்கூட நான் கொடுத்ததில்லை என்று நினைத்தபோது வருத்தமாக இருந்தது. எல்லாவற்றையும் என் இடது கால் எடுத்துக்கொண்டுவிட்டது.

மறுநாள் காலை ஊருக்கு வெளியே கண்மாய்க்கரைக்குப் போனோம். கரை மேல் ஏறுகிற சரிவு எங்களுக்குப் பாடசாலை. ஆள் நடமாட்டம் இருக்காது. ஆடு மேய்க்கிற ஒரு பெண்ணும் அவளுடைய ஆடுகளும்தான் இருப்பார்கள். சரிவுக்குக் கீழே வண்டியை நிறுத்திவிட்டு, செருப்பைக் கழற்றிப் பின்சீட்டில் போட்டேன். சீட்டை முடிந்தவரை பின்னால் தள்ளினேன். இரண்டு காலையும் தூக்கி மடக்கி, சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். ஒரு கை மட்டும், ஒரு ஆபத்துக்கு இருக்கட்டும் என்று, ஹேண்ட் பிரேக் மேல் இருந்தது. ஐம்பத்திரண்டு வயசு முழங்காலை அந்தச் சின்னக் காரில் மடக்கி வைப்பது லேசான காரியம் இல்லை. ஆடு மேய்க்கிற பெண் பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "இந்தம்மா என்ன, பந்தியில உக்காந்த மாதிரி உக்காந்திருக்கு?" என்று கேட்டாள்.

"இலை போடலாமா?" என்றாள் என் மாணவி. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வண்டியை எடுத்தாள். குலுங்கி நின்றது. எடுத்தாள், நின்றது. ஒவ்வொரு தடவையும் என் தொடை தானாக இறுகியது. மடக்கிய கால் எப்போது பிரிந்தது என்று தெரியாமல் பாதம் கீழே போய்க்கொண்டிருக்கும். அவள் ரோட்டைப் பார்த்தபடியே சொல்வாள்:

"அக்கா, காலு."

மடக்கிக்கொள்வேன். அந்தக் காலைநேரத்தில் அவள் எத்தனை தடவை வண்டியை நிறுத்தினாளோ, அதற்குச் சமமாக என் காலும் இறங்கி ஏறியது. யாருக்கு யார் கிளாஸ் எடுத்தது என்று ஆடுகளுக்குத்தான் தெரியும்.

அவள் ஞாயிற்றுக்கிழமை செய்ததை நானும் செய்து பார்த்தேன். "நீ பண்ணுறத எனக்குச் சொல்லிக்கிட்டே பண்ணு" என்றேன். "கிளட்ச விடுதேன், விடுதேன், வண்டி நடுங்குது…" என்று சொல்லி நிறுத்தினாள். "அந்த நடுக்கம் வாரப்ப என்ன செய்யணும்னு நெனைக்க?" என்று கேட்டேன். இப்படி ஒரு கேள்வியை நான் ஏழு வருஷத்தில் யாரிடமும் கேட்டதில்லை. "செத்த நேரம் அங்கேயே காலை நிறுத்திப் பாக்கட்டுமா?" என்றாள். நிறுத்தினாள். கார் ஒரு முனகலோடு, ஆனால் நிற்காமல், சரிவில் ஏறியது. கரை உச்சிக்குப் போனதும் வண்டியை நிறுத்தினாள். மலை முழுக்க வெயில் அடித்துக்கொண்டிருந்தது. இறங்கலாம் என்று பார்த்தால் எனக்கு இரண்டு காலும் மரத்துப் போய்விட்டன. ஆட்டுக்காரப் பெண்தான் கையைப் பிடித்து இறக்கிவிட்டாள்.

காலை அடக்கினால் வாய் சும்மா இருக்குமா? என் வாயைப் பற்றியும் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஒரு நாள் கிளாஸ் முழுவதையும் போனில் பதிவு செய்து, வீட்டுக்கு வந்து சமையற்கட்டில் ஓடவிட்டேன். "கிளட்சு, கிளட்சு, கிளட்சு, ஏட்டி கிளட்சு, பிரேக்கு, அய்யோ, கிளட்சு" என்று ஒரு பெண் மூச்சுவிடாமல் கத்திக்கொண்டிருந்தாள். அவளுக்கு நடுவில் இன்னொருத்தி ஒரு வார்த்தை பேச இடமில்லை. வீட்டுக்காரர் ஹாலிலிருந்து, "யாரு கூட சண்டை போடுத?" என்று கேட்டார். நான் போனை அணைத்தேன். மறுநாளிலிருந்து ஒரு ஹாக்ஸ் மிட்டாயை வாயில் அடக்கிக்கொண்டு உட்கார்ந்தேன். மிட்டாய் கரைகிற வரைக்கும் பேசுவதில்லை என்பது எனக்கு நானே போட்டுக்கொண்ட ரூல். முதல் இரண்டு நாள் கடித்துத் தின்றுவிட்டுப் பேசினேன் என்பதையும் ஒத்துக்கொள்கிறேன்.

இந்தக் கூத்து ஊரில் பரவாமல் இருக்குமா? மற்ற மாணவிகளுக்கும் இப்படித்தான் கிளாஸ் என்று ஆனதும் என் கார் பஸ் ஸ்டாண்டு முன்னால் தினம் ஒரு தடவையாவது குலுங்கி நின்றது. டவுன் பஸ்காரர் ஹாரனை அழுத்தினார். பக்கத்தில் போன இன்னொரு ஸ்கூல் மாஸ்டர் கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார். ஏழு வருஷப் பார்வையையும் வட்டியோடு திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார். முதலாளி என்னைக் கூப்பிட்டு, "அக்கா, ஒங்க வண்டி நிக்கிதாம்லா?" என்றார். "நிக்கட்டும். இப்பதான் அவங்க ஓட்டுதாங்க" என்றேன். அவருக்கு விளங்கவில்லை.

மூன்றாவது டெஸ்ட் நாள். இன்ஸ்பெக்டர் என் இடத்தில் உட்கார்ந்தார். நான் வேப்பமரத்தடிக்குப் போனேன். அவள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வண்டியை எடுத்தாள். நான்கு அடி போயிருக்கும், குலுங்கி நின்றது.

போச்சு, சுவர்தான் என்று நினைத்தேன். ஆனால் இந்தத் தடவை அவள் கை நேராகச் சாவிக்குப் போனது. கண்மாய்க்கரையில் எத்தனையோ தடவை நின்றுபோய், எத்தனையோ தடவை மறுபடி எடுத்த கை அது. நின்றுபோன வண்டி அவளுக்குப் பழகிய வண்டி. சாவியைத் திருப்பி, கிளட்சை விட்டு, அந்த நடுக்கம் வருகிற இடத்தில் காலை நிறுத்தி, நகர்ந்தாள். வளைவில் திரும்பினாள். மேட்டில் நின்று எடுத்தாள். சுற்றி வந்து நிறுத்தினாள். இன்ஸ்பெக்டர் இறங்கி வந்து, "ஒரு தடவை நின்னுது, ஆனா அவங்களே சமாளிச்சுட்டாங்க. பாஸ்" என்றார். என்னைப் பார்த்து, "சொல்லிக்குடுத்துட்டீங்க போல" என்றும் சொன்னார்.

அப்போதுதான் கீழே பார்த்தேன். என் இடது செருப்பின் முனை மண்ணில் நான்கு விரல் ஆழத்துக்குக் குழி பறித்திருந்தது.

கால் கிலோவுக்குப் பதிலாக அரைக் கிலோ பால்கோவா வாங்கித் தந்தாள். அன்றைக்கு வீட்டுக்காரருக்குச் சர்க்கரை ஏறியதற்கு நான் பொறுப்பில்லை.

ஒரு மாதம் கழித்து ஒரு காலையில் வாசலில் ஹாரன் கேட்டது. கம்பெனி வேனில் அவள். சேத்தூர்ப் பக்கம் புது ஷெட்டில் அன்று முதல் கிளாஸ். பார்க்க வரச் சொன்னாள். ஏறி இடது சீட்டில் உட்கார்ந்தேன். ஊரைத் தாண்டி ஒரு மேட்டில் ஏறும்போது ஆட்டுமந்தை குறுக்கே வந்தது. நிறுத்தினாள். மந்தை போனதும் மேட்டிலேயே வண்டியை எடுத்தாள். என் முன்னால் கிளட்சும் இல்லை, பிரேக்கும் இல்லை, வெறும் ரப்பர் விரிப்பு.

"அக்கா, காலு" என்றாள், ரோட்டைப் பார்த்தபடியே.

மடக்கிக்கொண்டேன்.

ஷெட்டில் எட்டுப் பெண்கள் பாயில் உட்கார்ந்து காத்திருந்தார்கள். ஒரு தடவை மடித்துக் காட்டினாள். துண்டுகளை அவர்கள் முன்னால் வைத்துவிட்டு, இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். நான் அவளுக்குப் பின்னால் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். முன்வரிசையில் ஒரு சின்னப் பெண் மடித்த துண்டில் பக்கவாட்டில் பிசிறு மீசையாக நின்றது. நான் செய்த அதே தப்பு. இவள் ஒரு வார்த்தை பேசவில்லை, முகத்திலும் ஒன்றும் காட்டியிருக்க மாட்டாள். ஆனால் முதுகுக்குப் பின்னால் அவளுடைய பத்து விரலும் ஒரு நொடிகூடச் சும்மா இல்லை. இல்லாத ஒரு துண்டை எடுத்து, மேலிருந்து பாதி, கீழிருந்து பாதி, பக்கவாட்டை நடுவுக்கு என்று மடித்து மடித்துத் தள்ளிக்கொண்டிருந்தன. பதினெட்டு வருஷம் கழித்தும்.

நான் எழுந்து போய் அவள் காதோரம் குனிந்தேன்.

"ஏட்டி, கையி."

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. முன்வரிசைப் பெண் நிமிர்ந்து எங்கள் இருவரையும் பார்த்தாள். பிறகு தன் துண்டைப் பார்த்தாள். யாரும் ஒன்றும் சொல்லாமலே அதைப் பிரித்து, பாயில் நீவிவிட்டு, முதலிலிருந்து மடிக்க ஆரம்பித்தாள்.